ஸர் ஜகதீச சந்திர போஸ்

விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் நாடோறும் இரயிலேறி வரும் நம் மாணவருள் சிலர், கித்தாரின் நாதத்தைக் கரகரப்பாக்கித் தரும் ‘ஃபஸ்’ பெட்டியைத் தம் கையாலேயே செய்ய முயல்வதை நாம் காண்கின்றோம். 9 வோல்ட் பாட்டரி ஒன்று, டிரான்ஸிஸ்டர் இரண்டு, வேறு சில சிறு உறுப்புக்கள், அவ்வளவே அப்பெட்டி. ஆயினும் எவ்வுறுப்பைத் தேர்வது என்பதில் அவர்கள் திகைக்கின்றனர். அத்திகைப்பைத் தீர்க்க வல்லது ஒரு பெரியாரின் சரிதம் என்று கருதி, அதனை ஈண்டுச் சுருங்க வரைகின்றோம்.

ஜகதீச சந்திர போஸ் 1858-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி, இன்று வங்காள தேசத்தில் உள்ள மைமன்சிங்கில் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திரர் அரசாங்க உத்தியோகஸ்தர். எனினும் மைந்தனை முதலில் ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பாது, ஏழைச் சிறுவரோடு தாய்மொழியில் கற்கச் செய்தார். பின்னர்க் கல்கத்தாவில் கிறிஸ்தவக் குருமார் நடத்திய ஸெயின்ட் ஸேவியர் கல்லூரியில் லஃபோன் பாதிரியார் காட்டிய சோதனைகளே இவர் உள்ளத்தைப் பௌதிகத்தின்பால் ஈர்த்தன. அப்பால் கேம்பிரிட்ஜில் கற்றுத் தேர்ந்தார்.

1885-இல் கல்கத்தா பிரஸிடென்ஸி கல்லூரியில் ஆசிரியரானார். வெள்ளையருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்குக் குறைந்த சம்பளம் என்பது அக்கால வழக்கம். போஸ் சண்டையிடவில்லை, பாடத்தையும் நிறுத்தவில்லை. மூன்று ஆண்டுகள் சம்பளம் பெறாமலே கற்பித்து வந்தார். முடிவில் முழுச் சம்பளமும் பாக்கியுடன் அளிக்கப்பட்டது. இவ்வறுமைக் காலத்தில், 1887-இல், இவர் கைப்பிடித்த அபலா அம்மையார் நம் சென்னை மாநகரில் வைத்தியம் பயின்றவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவதாகும்.

1894-இல் மின்காந்த அலைகளை ஆராயத் தொடங்கினார். தக்க ஆய்வுக்கூடமில்லை. சிறு அறையொன்றில், உள்ளூர்த் தகர வேலைக்காரன் ஒருவனைப் பழக்கிக் கருவிகளை இயற்றினார். இரயில்வே கால அட்டவணைப் புத்தகத்தின் ஏடுகளுக்கிடையே வெள்ளீயத் தாள்களைச் செருகி, அலைகளின் அதிர்வுத் திசையைச் சோதித்தார். முறுக்கிய சணலையும் அவ்வாறே பயன்படுத்தினார். 5 மில்லிமீட்டர் அளவுள்ள நுண்ணிய அலைகளையும் உண்டாக்கினார். 1895-இல் கல்கத்தா டவுன் ஹாலில், சுவரை ஊடுருவிச் சென்ற அலையால் மணியை அடிக்கவும், வெடிமருந்தை வெடிக்கவும் செய்து அவையோரை வியப்பித்தார்.

இவருடைய அருமை உறுப்புக்களைத் தேர்ந்த விதத்தில் நன்கு விளங்குகின்றது. அலையை அறிய அந்நாளில் பிறர் பயன்படுத்தியது உலோகத்தூள் நிரம்பிய குழாய். அது ஒருமுறை போல் மறுமுறை நடவாது. போஸ் தூளை நீக்கி எஃகுச் சுருள்களை வைத்தார். வங்காளத்தின் ஈரவெப்பத்தில் அவை துருப்பிடித்தமையால் மேலே கோபால்ட் பூசினார். பின்னும் மனநிறைவு கொள்ளாது, உலோகங்கள் பலவற்றையும் ஒவ்வொன்றாய்ச் சோதித்து, அழுத்தத்துக்கேற்பப் பாயும் மின்னோட்டத்தை அளந்து கோடிட்டுக் காட்டினார். பல தொடுமுனைகள் ஓமின் விதிக்கு அடங்காமையைக் கண்டார். ஈயக் கனிமமாகிய கலீனாவில் உலோக முனையைப் பொருத்திய கருவிக்கு 1901-இல் விண்ணப்பித்து, 1904-இல் அமெரிக்கப் பேடண்டு பெற்றார். அதுவும் நண்பர் வற்புறுத்தியதனால்; கண்டுபிடிப்பை விற்றுப் பொருள் தேட அவர் மனம் இசையவில்லை. 1909-இல் கம்பியில்லாத் தந்திக்கான நோபல் பரிசு மார்க்கோனிக்கும் பிரௌனுக்கும் சென்றது.

படிகத்தைத் தொடும் உலோகமுனை என்னும் அதே நெறியில், 1947-இல் அமெரிக்காவில் ஜெர்மானியத்தால் முதல் டிரான்ஸிஸ்டர் பிறந்தது. 1960-க்குப் பின் வந்த ஃபஸ் பெட்டிகள் பல அத்தகைய ஜெர்மானிய டிரான்ஸிஸ்டரைக் கொண்டவை. மின்னோட்டம் அழுத்தத்தோடு ஒத்து ஏறாமல் ஓரெல்லையில் நின்றுவிடுவதால் அலையின் முகடு வெட்டுண்டு, நாதம் கரகரக்கின்றது. போஸ் அளந்த விதிமீறலுக்கு உறவான பண்பே இன்று இசையாகின்றது.

ஆகவே மாணவர் கடைக்காரர் சொல்லையோ, விலையையோ, பேரையோ நம்பற்க. ஜெர்மானிய டிரான்ஸிஸ்டர்கள் ஒரே குறியுடையனவாயினும் பெருக்கத்தில் ஒன்றுக்கொன்று மாறுபடும். கசிவு மின்னோட்டமும் வேறுபடும். வெப்பம் ஏற ஏறக் கசிவு மிகும். மார்கழிக் காலையில் இனிதாய் ஒலித்த பெட்டி, விழுப்புரத்துச் சித்திரை வெயிலில் நிலைகுலையக்கூடும். ஒவ்வொன்றையும் அளந்து குறித்து, வெயில் நாளிலும் சோதித்துத் தேர்க. நிலைபேறு வேண்டுவார் ஸிலிகானைக் கொள்க. அதன் ஒலி சற்றுக் கூர்மையாயிருக்கும். எது நன்று என்பதைச் செவியும் அளவும் கூடித் தீர்மானிக்கட்டும்.

கருவிகள் ஓயாத வேலையால் தளர்வதைக் கண்ட போஸ், பின்னாளில் உயிருள்ளவற்றின் தளர்ச்சியையும் செடிகளின் உணர்ச்சியையும் ஆராய்ந்தார். அம்முடிவுகளுட் சிலவற்றை அறிஞர் பலர் ஒப்பவில்லை. அவரோ சோதனையைக் கைவிடவில்லை. 1917-இல் தம் பெயரால் ஆராய்ச்சி நிலையம் நிறுவி, 1937-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் தேதி கிரிடியில் காலமானார். நல்ல கருவியில்லை என்று வேலையைத் தள்ளிப்போடும் நமக்கு, தகரத்தையும் சணலையும் கொண்டு உலகை வியப்பித்த அவர் வாழ்க்கை என்றும் நல்லாசானாய் விளங்குவதாக.