கண் பரிசோதனையில் ரிஜெக்ட் ஆன நேதாஜி! - கண்ணாடி போட்ட பையன் சிப்பாய் ஆன கதை

விடிகாலை ஐந்து மணிக்கு எம்.ரெட்டியபட்டி பக்கம் பைக்கில் போய்ப் பாருங்கள். ரெண்டு பக்கமும் கரிசல் காடு, சீமைக்கருவேலம். ஹெட்லைட் வெளிச்சத்தில் திடீரென்று நாலைந்து பேர் மூச்சு வாங்க ஓடிவருவார்கள். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக்கு இது புதுசு இல்லை. மழையை நம்பிய வெள்ளாமை. வீட்டில் யாராவது ஒருத்தர் யூனிஃபார்ம் வேலைக்குப் போய்விட்டால் குடும்பம் நிமிர்ந்துவிடும். சிப்பாய் வேலையோடு நிற்காமல், டிகிரி முடித்த கையோடு சி.டி.எஸ். எழுதி, சென்னை பரங்கிமலையில் இருக்கிற ஆஃபீஸர்ஸ் டிரெய்னிங் அகாடமிக்குள் அதிகாரியாக நுழையணும் என்று கனவு காண்கிறவர்களும் உண்டு.

ஓட்டம், தண்டால், பஸ்கி எல்லாம் பழகப் பழக வந்துவிடும். பலருக்கு ராத்திரித் தூக்கம் கெடுவது மெடிக்கலை நினைத்துத்தான். அதிலும் முக்கியமாகக் கண். போன் பார்த்துப் பார்த்து பவர் ஏறிப்போச்சே, கண்ணாடி போட்டவனை எடுப்பாங்களா என்கிற பயம்.

ஓடி முடித்து டீக்கடையில் உட்காரும்போது கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள் மக்களே. நம்ம பக்கத்தில் நிறைய கடைகளில், வீடுகளில் ஒரு படம் மாட்டியிருக்கும். ராணுவ உடுப்பு, தொப்பி, வட்டக் கண்ணாடி. நேதாஜி சுபாஷ் சந்திர போஸ். உடுப்பைப் பார்க்கிற நாம் கண்ணாடியைக் கவனிப்பதே இல்லை. ராணுவத்தில் சேரப் போன இவரைத் திருப்பி அனுப்ப வைத்ததே அந்தக் கண்பார்வைதான்!

சாமியாராகக் கிளம்பிய பையன்

1897 ஜனவரி 23, ஒடிசாவின் கட்டாக். அப்பா ஜானகிநாத் பெரிய வக்கீல். வீட்டில் 14 பிள்ளைகள், சுபாஷ் ஒன்பதாவது. படிப்பில் கெட்டி. ஆனா, விளையாட்டில் சுத்தமாக ஆர்வம் இல்லை. 15 வயதில் விவேகானந்தர் புத்தகங்கள் கையில் கிடைக்க, தியானம், யோகம், துறவு என்று மனசு போய்விட்டது. 1914 கோடை விடுமுறையில் வீட்டில் சொல்லாமல் ஒரு நண்பரோடு கிளம்பி ஹரித்வார், ரிஷிகேஷ், மதுரா, காசி என்று குரு தேடி அலைந்தார். (திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன் என்கிற பையன் 1896-ல் இப்படித்தான் மதுரையில் வீட்டைவிட்டுக் கிளம்பி, திருவண்ணாமலை போய் ரமண மகரிஷி ஆனார். அவர் திரும்பி வரவே இல்லை. சுபாஷ் வந்துவிட்டார்.) குரு கிடைக்கவில்லை, டைஃபாய்டு காய்ச்சல்தான் வந்தது.

அப்புறம் கல்கத்தா பிரசிடென்சி காலேஜில் ஒரு பெரிய சிக்கல். இந்திய மாணவர்களிடம் கைநீட்டிய ஓட்டன் என்கிற ஆங்கிலேயப் பேராசிரியரை 1916 பிப்ரவரியில் மாணவர்கள் அடித்துவிட்டார்கள். சுபாஷைக் காலேஜைவிட்டே நீக்கினார்கள். 19 வயது. வேறு காலேஜிலும் சேர முடியாது. கட்டாக்குக்குத் திரும்பி, காலரா நோயாளிகளுக்குப் பணிவிடை செய்துகொண்டு நாளைக் கடத்தினார்.

முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. 49-வது பெங்காலி ரெஜிமென்ட்டுக்கு ஆள் எடுத்தார்கள். சாமியாராகப் போன பையன், கல்கத்தா பீடன் தெருவில் இருந்த ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்கு யாருக்கும் சொல்லாமல் போய் வரிசையில் நின்றார். உடம்பு பரிசோதனையில் எல்லாம் பாஸ். கடைசியில் கண். அங்கே மாட்டிக்கொண்டார். டாக்டரிடம் கெஞ்சிப் பார்த்தார், நடக்கவில்லை.  நொந்துபோய் வீட்டுக்கு வந்தார். இப்போது என்றால் உடைந்த இதயத்தை ஸ்டேட்டஸில் வைத்திருப்போம்.

வேட்டி, டிரவுசர், துப்பாக்கி

சும்மா இருக்கவில்லை மனுஷன். கல்கத்தா பல்கலைக்கழக மாணவர்களுக்கென்று இந்தியப் பாதுகாப்புப் படையில் ஒரு பிரிவு தொடங்கப்போகிறார்கள், அங்கே கண் பரிசோதனை அவ்வளவு கறாராக இருக்காது என்று காதில் விழுந்தது. அந்த நேரத்தில் மறுபடி படிக்கவும் அனுமதி கிடைத்து, 1917-ல் ஸ்காட்டிஷ் சர்ச் காலேஜில் தத்துவம் படிக்கச் சேர்ந்திருந்தார். மாணவர் பிரிவில் பேர் கொடுத்தார். இந்தத் தடவை உள்ளே!

முதல் நாள் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குச் சிரிப்புத்தான் வந்திருக்கும். ஒருத்தர் வேட்டியில், இன்னொருத்தர் டிரவுசரில், வேறொருத்தர் தலையில் தொப்பி. இந்தக் கும்பலைச் சிப்பாய் ஆக்க முடியும் என்று யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். பொறுப்பு அதிகாரி கேப்டன் கிரே. அடிமட்டத்தில் இருந்து மேலே வந்த முரட்டு ஸ்காட்லாந்துக்காரர். கரகரத்த குரல். ஆங்கிலேயர்கள் என்றாலே கொதிக்கிற வங்காள மாணவர்களுக்கும் இவருக்கும் ஒரு நாள்கூட ஒத்துப்போகாது என்றுதான் எல்லாரும் கணக்குப் போட்டார்கள். நடந்தது தலைகீழ். அந்த மனுஷன் நியாயமானவர், பசங்கமேல் அக்கறை உள்ளவர் என்று தெரிந்ததும், அவருக்காக எதையும் செய்யத் தயாராகிவிட்டார்கள். முன்னாடி நின்று கத்துகிறவரைவிட, நம்மை மதிக்கிறவருக்காகத்தான் கூடுதலாக ஒரு ரவுண்டு ஓடுவோம் இல்லையா?

வில்லியம் கோட்டைக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டார்கள். யூனிஃபார்ம் வந்தது, கையில் துப்பாக்கி வந்தது. ஆளே மாறிவிட்டார்கள். நான்கு மாதம் கேம்ப். கல்கத்தாவுக்கு வெளியே பேல்கரியாவில் துப்பாக்கி சுடும் பயிற்சி. கடைசிக் கட்டத்தில் இருட்டில் போலிச் சண்டைகள். எவ்வளவு சொன்னாலும் காலை மாற்றிப்போட்டு அணிவகுப்பைக் கெடுக்கிற ஆட்கள் அங்கேயும் இருந்தார்கள். அவர்களைத் தனியாக நிறுத்திப் பழக்கினார்கள். கிரேயாலேயே திருத்த முடியாத ஒருத்தரைக் கடைசிவரை அப்படியே சகித்துக்கொண்டார்கள்! முடிவில், துப்பாக்கி சுடுவதில் தங்கள் பயிற்சியாளர்களையே மிஞ்சினார்கள் இந்தக் காலேஜ் பசங்க.

சுபாஷுக்குப் பிடித்த விஷயம் இன்னொன்று. துப்பாக்கி வாங்க வில்லியம் கோட்டைக்குள் அணிவகுத்துப் போவது. சாதாரண இந்தியன் எட்டிக்கூடப் பார்க்க முடியாத இடம். அங்கே நுழையும்போது, தனக்கு உரிமையான ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொள்வது மாதிரி அவருக்குத் தோன்றியது. தெருவில் மார்ச் பண்ணும்போது, தங்களை எந்நேரமும் மிரட்டுகிற போலீஸ்காரர்களை நிமிர்ந்து பார்க்க முடிந்தது. உடம்பைவிட மனசில்தான் பெரிய மாற்றம். தெம்பும் தன்னம்பிக்கையும் கூடிவிட்டன. இதையெல்லாம் பின்னாளில் தன் வாழ்க்கைக் கதையில் அவரே எழுதிவைத்தார்.

மூன்றாம் வருடம் கேம்ப், நான்காம் வருடம் புத்தகம் என்று பிரித்துக்கொண்டார். 1919-ல் பி.ஏ. தத்துவத்தில் முதல் வகுப்பு, இரண்டாம் இடம்.

எஸ்.எஸ்.பி. இன்டர்வியூவுக்குத் தயாராகிறவர்களுக்கு இந்த கேம்ப் கதை நல்லாப் புரியும். ஐந்து நாள் தேர்வில் படம் பார்த்துக் கதை எழுதுகிறோம், வார்த்தையைக் காட்டினால் மனசில் தோன்றியதை எழுதுகிறோம், கட்டை, கயிறு வைத்துக் குழுவாகத் தடை தாண்டுகிறோம். அங்கே கவனிப்பது, கூட இருக்கிறவன் தடுமாறும்போது நாம என்ன பண்ணுகிறோம் என்பதையும் சேர்த்துத்தான். காலை மாற்றிப்போட்ட நண்பர்களோடு நான்கு மாதம் ஒரே கூடாரத்தில் இருந்தவருக்கு அதைத் தனியாகக் கோச்சிங் வைத்துச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கண்ணாடி விஷயத்துக்கும் வருவோம். இன்றைக்குத் தரைப்படை அதிகாரித் தேர்வில் ஒரு குறிப்பிட்ட பவர் வரை கண்ணாடி போடலாம். எவ்வளவு என்பது தேர்வு அறிவிப்பிலேயே இருக்கும். அதைப் படிக்காமல், யாரோ சொன்னதைக் கேட்டு விண்ணப்பமே போடாமல் விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது கதவும் மூடியது

1919 கடைசியில் கேம்பிரிட்ஜ். ஐ.சி.எஸ். படிக்க வந்தவர் கண்ணில் பட்டது, அங்கே இருந்த பல்கலைக்கழக அதிகாரிகள் பயிற்சிப் படை. ஆங்கிலேய மாணவர்கள் சேரலாம். இந்தியர்களுக்கு அனுமதி இல்லை! இந்திய மாணவர் சங்கம், கே.எல்.கௌபா என்கிற மாணவரையும் சுபாஷையும் லண்டனுக்கு அனுப்பியது. இந்தியா அலுவலகத்தில் லிட்டன் பிரபுவைப் பார்த்தார்கள். எங்களுக்கு ஆட்சேபணையே இல்லை, போர் அலுவலகம்தான் ஒப்புக்கொள்ளவில்லை என்றார் அவர். இந்தியர்கள் கூட நின்றால் ஆங்கிலேய மாணவர்களுக்குப் பிடிக்காதாம். பயிற்சி முடித்தால் பிரிட்டிஷ் ராணுவத்தில் அதிகாரி பதவி கேட்பார்களே என்கிற பயம் வேறு. பதவியே வேண்டாம், பயிற்சி மட்டும் கொடுங்கள், எழுதித் தருகிறோம் என்று சொல்லிப் பார்த்தார்கள். கேம்பிரிட்ஜுக்குத் திரும்பிப் பயிற்சிப் படைக்காரர்களைக் கேட்டால், போர் அலுவலகம் சரி என்கிறது, இந்தியா அலுவலகம்தான் தடை என்று பதில்! தாலுகா ஆபீஸில் சான்றிதழுக்கு அலைந்த யாருக்கும் இந்த டயலாக் பழக்கமானதுதான்.

கல்கத்தாவில் கண் தடுத்தது. கேம்பிரிட்ஜில் தோல் நிறம் தடுத்தது. அதிகாரி பயிற்சி என்று பெயர் போட்ட எந்த இடத்திலும் கடைசிவரை அவரால் சேர முடியவில்லை.

1920-ல் ஐ.சி.எஸ். தேர்வில் நான்காம் இடம் பிடித்து, 1921-ல் அந்த வேலையை உதறியது எல்லாருக்கும் தெரிந்த கதை. அதற்குப் பிறகு காங்கிரஸ், சிறை, மறுபடி சிறை. மண்டலே சிறையில் உடம்பு மோசமாகக் கெட்டது. 1935-ல் வியன்னாவில் பித்தப்பை அறுவை சிகிச்சை. படத்தில் இருக்கிற அந்தக் கம்பீரத்தைப் பார்த்து இரும்பு உடம்பு என்று நினைத்துவிட வேண்டாம். நோயோடு மல்லுக்கட்டிய உடம்பு அது.

ஆனா, அணிவகுப்பு ஆசை மட்டும் விடவில்லை. 1928 கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டில் தொண்டர்களுக்கு யூனிஃபார்ம் மாட்டி, ராணுவம் மாதிரிப் பழக்கி, தானே தளபதி உடையில் நின்றார். காந்திக்கு அது சர்க்கஸ் மாதிரி பட்டது. 1939 செப்டம்பர் 3, சென்னைக் கடற்கரையில் பெரும் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் பிரிட்டன் போரில் இறங்கிய செய்தி அவர் கைக்கு வந்தது. அதே பயணத்தில் மதுரைக்கும் வந்தார். பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் அவரோடு இருந்தார். நம்ம பக்கத்து டீக்கடைப் படத்துக்கு வேர் அங்கேதான்.

1941 ஜனவரியில் வீட்டுக்காவலில் இருந்து மாறுவேடத்தில் தப்பி ஜெர்மனி. 1943-ல் நீர்மூழ்கிக் கப்பலில் மூன்று மாதப் பயணம். நடுக்கடலில் ஜெர்மன் கப்பலில் இருந்து ரப்பர் படகில் ஜப்பான் கப்பலுக்கு மாற்றம். ஹிட்லரோடும் ஜப்பானோடும் கைகோத்தது சரியா என்கிற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஓயவும் கூடாது. அது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.

ரப்பர் தோட்டத்துப் பெண்கள்

1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்த நேதாஜி, இந்திய தேசிய ராணுவத்தைக் கையில் எடுத்தார். மலேயாவில் அதில் புதிதாகச் சேர்ந்தவர்களில் தமிழர்கள் ஏராளம். ரப்பர் பால் வடித்தவர்கள், கடையில் வேலை பார்த்தவர்கள். துப்பாக்கியைத் தொட்டே பார்க்காதவர்கள். கல்கத்தா மைதானத்தில் வேட்டியும் டிரவுசருமாக நின்ற கும்பல் அவருக்கு ஞாபகம் வந்திருக்கலாம் என்பது என் கற்பனை. தேர்ந்தெடுத்த இளைஞர்கள் சிலரை அதிகாரி பயிற்சிக்காக டோக்கியோ ராணுவ அகாடமிக்கே அனுப்பிவைத்தார்.

ஒரு படி மேலே போய், பெண்களுக்கு ஜான்சி ராணி படை. டாக்டர் லட்சுமி தலைமையில் 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் பயிற்சி முகாம் திறந்தது. சேர்ந்தவர்களில் பலர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள், இந்தியாவையே பார்த்திராதவர்கள். அணிவகுப்பு, துப்பாக்கி, முதுகில் மூட்டையோடு நீண்ட நடை, கட்டளைகள் எல்லாம் இந்துஸ்தானியில். ஜப்பானியர்கள் முதலில் இதை நம்பவே இல்லை. சுதந்திர இந்தியாவில் பரங்கிமலை அகாடமி பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியது 1992-ல்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

போர் தோல்வியில் முடிந்தது. 1945 ஏப்ரல் 24 ராத்திரி, ரங்கூனில் இருந்து அந்தப் பெண்களையும் அழைத்துக்கொண்டு பாங்காக் நோக்கிக் கிளம்பினார் நேதாஜி. பகலில் விமானக் குண்டு, அதனால் ராத்திரியில்தான் பயணம். சேறு, ஆறு. லாரிகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப்போக, நடை. கூடவே வந்த ஜப்பானியத் தளபதி, அவர் ஏறிக்கொள்ளக் கார் ஏற்பாடு செய்வதாகச் சொல்லிப் பார்த்தார். பெண்கள் நடக்கும்போது தான் காரில் போவதில்லை என்று மறுத்துவிட்டார். ஓரிடத்தில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றியபோது, பாதம் முழுக்கக் கொப்புளம். கூட நடந்த எஸ்.ஏ.அய்யர், நம்ம தமிழர்தான், இதையெல்லாம் பிறகு பதிவு செய்தார். கழற்றிய பூட்ஸை மறுபடி மாட்டிக்கொண்டு நடந்தார் நேதாஜி. மூன்று வாரம் கழித்து பாங்காக்.

அப்போது அவருக்கு 48 வயது. அந்த ஆகஸ்ட் 18-ம் தேதி தைபேயில் விமானம் விழுந்தது. பசும்பொன்னார் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. நம்ம பக்கத்தில் வயசானவர்கள் சிலர் இன்னமும் ஏற்றுக்கொள்வதில்லை.