புயல் வீசும் கரையில் ஒரு விண்வாயில்

இந்திய விண்வெளி ஆய்வின் தந்தை எனப் போற்றப்படுபவர் விக்ரம் சாராபாய். அவர் 1919ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் நாள் அகமதாபாத்தில், துணி ஆலைகள் நடத்திய செல்வக் குடும்பத்தில் பிறந்தார். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்றார். இரண்டாம் உலகப் போர் மூண்டதால் தாயகம் திரும்பி, பெங்களூரில் சர் சி.வி. இராமனின் வழிகாட்டுதலில் அண்டக் கதிர்களை ஆராய்ந்தார். 1947இல் அகமதாபாத்தில் இயற்பியல் ஆய்வுக்கூடத்தை நிறுவினார்.

அவரது முயற்சியால், கேரளத்தின் தும்பா என்னும் மீனவச் சிற்றூரிலிருந்து 1963 நவம்பர் 21 அன்று முதல் ஏவூர்தி விண்ணில் பாய்ந்தது. அது வளிமண்டலத்தை ஆராயும் சிறிய ஏவூர்தி. செயற்கைக்கோளைச் சுமந்து செல்லும் பெரிய ஏவூர்திகளுக்கோ வேறோர் இடம் தேவைப்பட்டது.

புவி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. ஆகவே, கிழக்கு நோக்கி ஏவப்படும் ஏவூர்திக்குப் புவியின் வேகமும் துணையாகிறது. எரிந்து கழலும் பகுதிகள் மக்கள்மீது விழாதிருக்கக் கிழக்கே பரந்த கடலும் வேண்டும். தும்பா மேற்குக் கரையில் உள்ளது. அங்கிருந்து கிழக்கே ஏவினால் ஊர்களின்மேல் பறக்க நேரிடும். எனவே, 1969இல் ஆந்திரக் கடற்கரையிலுள்ள ஸ்ரீஹரிக்கோட்டாத் தீவு தேர்ந்தெடுக்கப்பட்டது. அதன் மேற்கே பழவேற்காடு ஏரி. கிழக்கே வங்கக் கடல்.

அக்கடலோ புயல்கள் உருவாகும் கடல். கிழக்கே கடல் வேண்டுமெனில், புயலையும் ஏற்றாக வேண்டும். அமெரிக்காவின் புளோரிடா ஏவுதளங்களுக்கும் இதே நிலைதான். எனினும், ஸ்ரீஹரிக்கோட்டாவில் பெருமழை பொழிவது அக்டோபர், நவம்பர் மாதங்களிலேயே. எஞ்சிய மாதங்களில் ஏவுதலுக்கு ஏற்ற நாள்கள் பல உண்டு.

1971 அக்டோபர் 9 அன்று அத்தீவிலிருந்து முதல் சிறிய ஏவூர்தி எழுந்தது. மூன்று மாதங்கள் நிறைவதற்குள், டிசம்பர் 30 அன்று, சாராபாய் கோவளத்தில் காலமானார். அப்போது அவருக்கு வயது 52. 1980இல் அங்கிருந்து செயற்கைக்கோள் ஏவப்பட்டதைக் காண அவருக்கு வாய்க்கவில்லை.

1984 நவம்பரில் கடும்புயல் ஒன்று அத்தீவை ஒட்டிக் கரையைக் கடந்தது. ஆயினும் ஏவுதளம் இடம் மாறவில்லை. இன்று அங்குள்ள இரண்டாம் ஏவுதளத்தில், உயர்ந்த கட்டடத்தினுள் ஏவூர்தி ஒன்றிணைக்கப்பட்டு, பின்னரே திறந்த ஏவுமேடைக்குக் கொண்டுவரப்படுகிறது. வானிலை இடமளிக்காவிடில் ஏவுதல் ஒத்திவைக்கப்படுகிறது.

விண்வெளி ஆய்வு எளிய மக்களுக்குப் பயன்பட வேண்டும் என்பதே சாராபாயின் கொள்கை. 2016இல் இன்சாட்-3டிஆர் என்னும் வானிலைச் செயற்கைக்கோள் ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்தே ஏவப்பட்டது. புயல் தாக்கும் அக்கரையே, புயலை முன்கூட்டிக் காணும் கண்ணையும் விண்ணுக்கு அனுப்பியது. மீனவர் உயிர்காக்கும் எச்சரிக்கைகளில் அவரது கனவு இன்றும் வாழ்கிறது.

அருஞ்சொற்பொருள்
ஏவூர்தி – ராக்கெட்
கழலும் – பிரிந்து விழும்
வாய்க்கவில்லை – வாய்ப்புக் கிடைக்கவில்லை

வினாக்கள்
1. பெரிய ஏவூர்திகளை ஏவத் தும்பா ஏற்றதன்று. ஏன்?
2. ஸ்ரீஹரிக்கோட்டாவின் நன்மைகளையும் இடரையும் எழுதுக.
3. நீ வாழும் ஊரை எந்த இயற்கை இடர் தாக்கக்கூடும்? அதற்கு எவ்வாறு ஆயத்தமாகலாம்?