நீல மாத்திரையும் டாக்டர் சுப்பாராவும்

வாரம் ஒருநாள் நமக்குக் கொடுக்கிற நீல மாத்திரையை ஜன்னல் வழியா வீசுற ஆளுங்க எல்லா வகுப்பிலேயும் உண்டு. (பேர் எழுதல, பயப்படாதீங்க!) அதுல இரும்புச்சத்தோட ஃபோலிக் அமிலமும் இருக்கு. அந்த ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்த குழுவின் தலைவர் நம்ம சென்னையில் மருத்துவம் படித்தவர். அவரைப் பற்றித்தான் எழுதப்போறேன்.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895 ஜனவரி 12-ல், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷனில் இரண்டு தடவை ஃபெயில். மூன்றாவது தடவை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார். (பத்தாம் வகுப்பு அண்ணன்மார் கவனிக்க.) சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் உடுத்தினார். அறுவை சிகிச்சைப் பேராசிரியரான ஆங்கிலேயருக்கு அது பிடிக்கல. முழு எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், அதற்கு ஒருபடி கீழான எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது.

அதைவிடப் பெரிய அடி வீட்டில் விழுந்தது. சகோதரர்கள் இருவர் ஸ்ப்ரூ என்ற நோயால் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். ஸ்ப்ரூ வந்தால் சிறுகுடலின் உள்சுவர் கெட்டுவிடும். சாப்பிட்டது ரத்தத்தில் சேராமல் வெளியே போய்விடும். தட்டு நிறையச் சோறு இருந்தும் ஆள் மெலிந்துகொண்டே போவார். சுப்பாராவையும் அது பிடித்தது. டாக்டர் ஆசண்ட லட்சுமிபதியின் ஆயுர்வேத மருந்தால் பிழைத்தார்.

அப்புறம் 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்கா. ஹார்வர்டில் படித்துக்கொண்டே ஒரு ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்தார். நோயாளிகளின் மலஜலச் சட்டி கழுவுவதும் அதில் சேர்த்தி. 1925-ல் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து ரத்தத்திலுள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையைக் கண்டுபிடித்தார். ஆனாலும் அங்கே நிரந்தர வேலை கொடுக்கல. 1940-ல் லெடர்லே மருந்துக் கம்பெனிக்குப் போனார்.

1945-ல் அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைத் தயாரித்தது. அது எந்த நோயைக் குணப்படுத்தியது தெரியுமா? ஸ்ப்ரூவை! சகோதரர்களைக் கொண்டுபோன அதே நோய். இதைப் படிச்சப்போ எனக்கு மேல சிலிர்த்துப்போச்சு.

அந்த ஆராய்ச்சி அதோட நிக்கல. ஃபோலிக் அமிலம் மாதிரியே வேஷம் போட்டு செல்லை ஏமாற்றும் மருந்துகளையும் அங்கே செய்தார்கள். 1948-ல் பாஸ்டனில் டாக்டர் ஃபார்பர், ரத்தப்புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்கு அதிலொன்றைக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. அதன் தம்பிதான் மெத்தோட்ரெக்ஸேட்.

எங்க அம்மாச்சி சாப்பிடுறதும் அதுதான். தீப்பெட்டி ஒட்டின கை, இப்போ மூட்டுவாதத்தில் மடங்காது. வாரத்துக்கு ஒரே ஒருநாள்தான் மெத்தோட்ரெக்ஸேட். இன்னொரு நாள் ஃபோலிக் அமிலம். மறந்து தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால காலண்டர்ல வட்டம் போடுறது என் வேலை. போன வருஷம் அளவைக் கூட்டியபோது டாக்டர் ஊசிக்கு மாற்றினார். அதே மருந்துதானே, ஏன் ஊசின்னு எங்க அறிவியல் சாரிடம் கேட்டேன்.

சிறுகுடலின் மேல்பகுதியில் ஃபோலிக் அமிலம் உள்ளே போக ஒரு வாசல் உண்டாம். அது என்ன புரதம் என்று 2006-ல்தான் கண்டுபிடித்தார்கள். மெத்தோட்ரெக்ஸேட்டும் அதே வாசலில்தான் நுழைகிறது. திருவிழாக் கூட்டம் மாதிரி ஒரேயடியா வந்தா வாசல் தாங்காது, மிச்சம் வீணாப்போகும். இதையெல்லாம் இப்போ கம்ப்யூட்டரிலேயே கணக்குப் போடுறாங்க. 1990-களில் யூ, அமிடன் என்பவர்கள் சிறுகுடலை ஏழு அறையாகப் பிரித்து, மருந்து ஒவ்வொன்றிலும் எவ்வளவு ரத்தத்தில் சேரும் என்று சமன்பாடு எழுதினார்கள். மருந்து சிறுகுடலைக் கடக்க அவர்கள் எடுத்துக்கொண்ட நேரம் சுமார் 200 நிமிடம். சுப்பாராவ் காலத்தில் இதெல்லாம் கிடையாது. ஆராய்ச்சிக்கூடத்து விலங்குகளுக்கும் நோயாளிகளுக்கும் கொடுத்துத்தான் பார்க்கணும்.

யானைக்கால் நோய்க்குக் கொடுக்கிற டி.ஈ.சி. மாத்திரையும் அவர் குழு தந்ததே. 1948 ஆகஸ்டில் 53 வயதில் நியூயார்க்கில் இறந்தார். ஊரில் விட்டுவந்த மனைவி சேஷகிரியைத் திரும்பப் பார்க்கவே இல்லை. நோபல் பரிசும் இல்லை. 1995-ல் நம் நாடு தபால்தலை வெளியிட்டது. ஒரு பூஞ்சைக்கு சுப்பாரோமைசஸ் என்று அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.