மன்னரைக் காட்டிய தங்கப் பல்

வடநாட்டில் கன்னோசியையும் காசியையும் ஆண்ட பெரிய மன்னர் ஜெயச்சந்திரன். 1170-ம் ஆண்டு பட்டத்துக்கு வந்தார். வடமொழிப் புலவர் ஸ்ரீஹர்ஷரை ஆதரித்தவர் இவரே என்பார்கள். பிருதிவிராஜனை மணந்த ராணி சம்யுக்தா இவருடைய மகள் என்று கதை சொல்லும்.

24 ஆண்டுகள் ஆண்டார். 1194-ல் கோரி முகமது படையெடுத்து வந்தான். யமுனைக் கரையில் சந்தாவர் என்ற இடத்தில் கடும் போர். யானை மேலிருந்து போரிட்ட மன்னர், அம்பு பாய்ந்து கீழே விழுந்தார்.

பிணக் குவியலில் தேடினார்கள்

போர் முடிந்தது. எங்கு பார்த்தாலும் பிணங்கள். அவற்றில் மன்னர் உடல் எது? நெடுநேரம் தேடினார்கள். ஓர் உடலின் வாயில் பொய்ப் பற்கள் இருந்தன. அவை தங்கத்தால் பொருத்தப்பட்டவை. அவர்தான் மன்னர் என்று தெரிந்துகொண்டார்கள். சுமார் 400 ஆண்டுகளுக்குப் பிறகு பெரிஷ்தா என்ற வரலாற்று ஆசிரியர் இதை எழுதி வைத்தார்.

எலும்பாகிப் போனாலும்...

மனித உடலில் மிகக் கடினமானது பல்லின் மேல் இருக்கும் எனாமல். சதை அழுகிப்போகும். பல் மண்ணிலும் நீண்ட காலம் நிலைத்து நிற்கும். ஒருவர் பல் வரிசையைப் போல் இன்னொருவருக்கு இராது.

அமெரிக்காவில் 1775-ல் போரில் இறந்த டாக்டர் ஜோசப் வாரனின் உடலை மறு ஆண்டு தோண்டி எடுத்தார்கள். அவருக்குப் பொய்ப் பல் கட்டிய பால் ரெவரே அந்தப் பல்லைப் பார்த்து அடையாளம் சொன்னார்.

இன்று எலும்புக்கூடு கிடைத்தால், அதன் பற்களைப் பல் டாக்டரிடம் உள்ள எக்ஸ்ரே படத்தோடு ஒப்பிடுகிறார்கள். பெயர் தெரியாத எலும்புக்குப் பெயர் கிடைக்கிறது. காத்திருக்கும் குடும்பத்துக்கு உண்மை தெரிகிறது.