விடுதலையோடு நிலமும்: எட்வர்ட் கோல்ஸின் அரசியல் வாழ்வு

ஒடுக்குமுறையின் பயனைப் பிறப்பாலேயே பெற்றவர் அதை எவ்வாறு துறப்பது? இக்கேள்விக்குச் சொல்லால் விடையளித்தோர் பலர். செயலால் விடையளித்தோர் சிலரே. அச்சிலருள் ஒருவராக எட்வர்ட் கோல்ஸை நாம் காண்கிறோம்.

1786-இல் அமெரிக்காவின் விர்ஜீனியாவில் பெருந்தோட்ட உரிமையாளர் ஒருவரின் மகனாகப் பிறந்தார் கோல்ஸ். மனிதரை உடைமையாகக் கொள்வது அநீதி என்ற முடிவுக்குக் கல்லூரி நாள்களிலேயே வந்துவிட்டார். 1808-இல் தந்தை மறைந்தபோது ஏறத்தாழ 20 அடிமைகள் அவர் பங்குக்கு வந்தனர். பின்னர் குடியரசுத் தலைவர் மேடிசனின் தனிச்செயலாளராகப் பணியாற்றிய அவர், அடிமைமுறை ஒழிப்புக்குத் தலைமையேற்குமாறு 1814-இல் ஜெஃபர்சனுக்குக் கடிதம் எழுதினார். மனிதர் அனைவரும் சமம் என விடுதலைப் பிரகடனத்தில் எழுதியவரோ முதுமையைக் காரணம் காட்டி ஒதுங்கினார். அடிமைகளைப் பராமரித்துக்கொண்டு ஊரிலேயே இருக்குமாறு கோல்ஸுக்கு அறிவுரையும் கூறினார்.

கோல்ஸ் அதை ஏற்கவில்லை. 1819-இல் தம் அடிமைகளுடன் இல்லினாய்ஸ் மாநிலத்துக்குப் புறப்பட்டவர், ஓஹையோ ஆற்றில் படகில் செல்கையிலேயே அவர்களுக்கு விடுதலை அறிவித்தார். எட்வர்ட்ஸ்வில் ஊரை அடைந்தபின் ஒவ்வொரு குடும்பத் தலைவருக்கும் 160 ஏக்கர் நிலம் வழங்கினார். தாமும் அங்கே பண்ணை அமைத்தார்.

1822-இல் நால்வர் போட்டியிட்ட தேர்தலில், மூன்றில் ஒரு பங்கு வாக்குகளுடன் ஆளுநரானார். கறுப்பினத்தவரை ஒடுக்கும் சட்டங்களைத் திருத்தவும், மாநிலத்தில் எஞ்சியிருந்த அடிமைமுறையை நீக்கவும் சட்டமன்றத்தைக் கோரினார். சட்டமன்றமோ அடிமைமுறையை முழுமையாக அனுமதிக்கும் நோக்குடன், அரசியலமைப்பைத் திருத்தும் மாநாட்டுக்கு வாக்கெடுப்பை அறிவித்தது. கோல்ஸ் தம் பதவிக்கால ஊதியத்தை எதிர்ப்புப் பரப்புரைக்கே அளித்தார். 1824-இல் அம்மாநாட்டுக்கு ஆதரவாக 4,972 வாக்குகளும் எதிராக 6,640 வாக்குகளும் பதிவாயின. பிணைத்தொகை செலுத்தாமல் அடிமைகளை விடுவித்தார் என்று அவர்மீது வழக்குத் தொடுத்து 2,000 டாலர் அபராதம் விதித்தனர். 1826-இல் மாநில உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது.

எனினும் அவரைத் திருவுருவாக்க நாம் விரும்பவில்லை. எவருடைய விடுதலை குறித்து அந்த வாக்கெடுப்பு நடந்ததோ, அந்தக் கறுப்பின மக்களுக்கு அதில் வாக்குரிமையே இல்லை. அவர்களை ஒடுக்கிய மாநிலச் சட்டங்கள் 1865 வரை நீடித்தன. விடுதலை பெற்றோரை ஆப்பிரிக்காவில் குடியேற்றும் திட்டத்தைக் கோல்ஸே ஆதரித்தார். 1868-இல் அவர் மறைவதற்கு முன்னரே, அவருடைய மகன்களுள் ஒருவர் அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலப் படையில் சேர்ந்து உயிரிழந்தார்.

ஆயினும் ஜெஃபர்சனின் சொல்லுக்கும் கோல்ஸின் செயலுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை நாம் மறக்கலாகாது. விடுதலைப் பத்திரத்துடன் நிலப்பத்திரமும் சேர்ந்தாலன்றி விடுதலை நிலைக்காது என்பதை அவர் உணர்ந்திருந்தார். அவர் காணத் தவறியது மூன்றாவதாக ஒன்றை: தம் வாழ்வைத் தாமே தீர்மானிக்க அம்மக்களுக்கு வேண்டியிருந்த அரசியல் அதிகாரத்தை.