சகோதரன் கொண்டுவந்த கடிதம்

ஹாலிஎலப் பக்கத்து லயங்களில் ஒருவர் தாய் போடும் சோற்றையே நஞ்சென்று தள்ளினால், செய்வினை என்பார் சிலர், திமிர் என்பார் சிலர். அத்தகைய துன்பம் அறிந்த குடும்பங்களுக்காகக் கிளிஃபர்ட் பியர்ஸ் என்பவரின் வரலாற்றை இவ்வாரம் தருகிறோம்.

இவர் 1876ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். மூத்த சகோதரர் ஒருவருக்கு வலிப்பு நோய் கண்டது. தமக்கும் அது வரும் என்ற அச்சம் அவரை அரித்தது. 1900 ஜூனில் உயிரை மாய்க்க முயன்று, காலில் காயத்தோடு பிழைத்தார்.

வைத்தியசாலை யன்னலில் இரும்புக் கம்பிகள் இருந்தன. நோயாளியின் பாதுகாப்புக்கு என்று நாம் நினைப்போம். அவரோ, தற்கொலை முயற்சிக் குற்றத்துக்காகப் பொலிஸ் காவலில் இருப்பதாக முடிவு கட்டினார். பிறகு கண்டதெல்லாம் அதற்குச் சாட்சியாயிற்று. உணவில் நஞ்சு, பார்க்க வந்த உறவினர் வேடமிட்ட துப்பறிவாளர். சிறு அடையாளத்தைக் கொண்டு முழுத் தீர்ப்பு எழுதும் இவ்வழக்கம் ஸ்கிசோஃப்ரினியா என்னும் உளச்சிதைவு நோயாளரிடம் மிகுதி என்று இன்றைய ஆய்வாளர் கண்டுள்ளனர். பியர்ஸின் நோய் வேறு வகை என்பர் வைத்தியர். சிக்கிய வலை இதுவே. ஏன், நாமும்தான் அயல்வீட்டார் சிரித்தால் நம்மைப் பற்றி என்று எண்ணுகிறோம்! நமக்கு அது மாலைக்குள் மறந்துவிடும்.

இரண்டாண்டுகள் அவர் ஏறக்குறைய வாய் திறக்கவில்லை. எவர் சொல்லும் எடுபடவில்லை. 1902 ஆகஸ்டில், தாம் நம்பிய ஒரு சக நோயாளியின் உதவியோடு தமது சகோதரர் ஜோர்ஜுக்குக் கடிதம் எழுதினார். வரும்போது அக்கடிதத்தையே கையில் கொண்டுவர வேண்டும். வேடதாரியிடம் அது இராதல்லவா? ஜோர்ஜ் வந்தார், சட்டைப்பைக்குள்ளிருந்து கடிதத்தை எடுத்துக் காட்டினார். ஈராண்டுக் கோட்டை அந்தக் கணத்திலேயே இடிந்தது. சோதனையை வகுத்தவர் நோயாளியே என்பதைக் கவனியுங்கள்.

நோய் அன்றே தீர்ந்ததா? இல்லை. மிகை உற்சாகம் தலைக்கேறியது. அதன் விளைவாகக் கட்டுச்சட்டையும் தனியறையும் காவலர் அடியும் கண்டார். 1903இல் வெளியேறி வேலைக்குப் போனார். 1905 தொடக்கத்தில் மனம் மீண்டும் கொதிப்பதை உணர்ந்து, எவரும் இழுத்துச் செல்லாமலே வைத்தியசாலைக்குத் திரும்பினார். சில வாரங்களில் தேறி வேலையைத் தொடர்ந்தார். நமக்கு அவருடைய பெரும் புகழைவிட இது பெரிதாகப் படுகிறது.

1908இல் தம் கதையை நூலாக வெளியிட்டார். 1909இல் மனநலத்துக்கான தேசியக் குழு அவர் முயற்சியால் பிறந்தது. 1912இல் மணமுடித்தார். 1939இல் நோய் திரும்பியது; மீண்டும் வைத்தியசாலையை நாடினார். 1943 ஜூலை 9ஆம் நாள் அங்கேயே காலமானார். இன்று பதுளை ஆஸ்பத்திரியின் மனநோய்ச் சிகிச்சைப் பிரிவில் கிடைக்கும் மருந்துகளின் முன்னோடிகள் வந்தது 1950களில்தான். அவற்றைக் காண அவர் இருக்கவில்லை.