ஐடா ஸ்கட்டர் அம்மையார்

2018ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16ஆம் நாள் விடியுமுன் கஜா என்னும் பெரும்புயல் வேதாரணியத்தை அடுத்துக் கரையைக் கடந்தது. புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு முதலிய ஊர்களில் மக்கள் பிள்ளைபோல் வளர்த்த தென்னைகள் வேரொடு சாய்ந்தன. சாலைகளை மரங்கள் மறித்தன, மின்கம்பங்கள் முறிந்தன, சில ஊர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. இத்தகைய வேளையில் நகரத்து மருத்துவர் சிற்றூரை அடைதல் எளிதன்று. ஓடு விழுந்து காயமுற்றவர்க்குக் கட்டிடுவதும், பேறுகால நோவு கண்டவளைக் காப்பதும், கலங்கிய நீரால் நோய் பரவாமல் தடுப்பதும் அருகிலுள்ள செவிலியின் கையைப் பொறுத்தனவாகும். அக்கை புயலன்று பயிலத் தொடங்கினால் பயன் என்ன? முன்னரே பயின்றிருத்தல் வேண்டும். இவ்வுண்மையை நூறாண்டுகளுக்கு முன்பே உணர்ந்து, தமிழ்நாட்டுப் பெண்களைச் செவிலியராகப் பயிற்றியவர்களுள் தலைசிறந்தவர் ஐடா ஸ்கட்டர் அம்மையார்.

அம்மையாரின் பாட்டனார் ஜான் ஸ்கட்டர் என்பவர் 1819இல் அமெரிக்காவை விட்டுப் புறப்பட்டு, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணி புரிந்தவர். பின்னர்ச் சென்னைக்கு வந்தவர். ஐடாவின் தந்தையாரும் மருத்துவரே. 1870ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் ஐடா பிறந்தார்.

அவர் சிறுமியாக இருந்தபோது, 1876 முதல் 1878 வரை, தென்னாட்டைப் பெரும்பஞ்சம் பற்றியது. முதியோர் அதனைத் தாது வருடப் பஞ்சம் என்பர். சென்னை மாகாணத்தில் பல இலட்சம் மக்கள் மடிந்தனர். புதுக்கோட்டைச் சமஸ்தானமும் அதற்குத் தப்பவில்லை. மாண்டவர் அனைவரும் பசியால் மட்டும் மாண்டவர் அல்லர். மெலிந்த உடல்களைக் காலராவும் காய்ச்சலும் எளிதில் கொண்டுபோயின. உணவை ஏந்தவும் வலியற்றுக் கிடந்த குழந்தைகளின் வாயில் ரொட்டித் துண்டுகளை ஐடா தம் சிறு கைகளால் இட்டார் என்பர். அக்காட்சி அவர் உள்ளத்தை வருத்தியது. இந்நாட்டை விட்டு அகன்று அமெரிக்காவிலேயே வாழவேண்டும் என்னும் எண்ணமே அவருக்கு முதலில் எழுந்தது. அவ்வாறே அமெரிக்கா சென்று கல்வி கற்றார்.

தாயார் நோயுற்றமையால் 1890இல் அவர் திண்டிவனத்திற்கு வர நேர்ந்தது. அங்கு ஓர் இரவு மூவர் ஒருவர்பின் ஒருவராக அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். ஒருவர் அந்தணர்; ஒருவர் முகம்மதியர்; ஒருவர் வேறு குலத்து இந்து. மூவர் மனைவியரும் மகப்பேற்றுத் துன்பத்தில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தனர். மருத்துவம் அறியாத தம்மால் ஆவது ஒன்றும் இல்லை என்று கூறிய ஐடா, தந்தையாரை அனுப்புவதாகச் சொன்னார். ஆடவர் ஒருவர் தம் மனைவியைத் தொட்டு மருத்துவம் செய்தலினும் அவள் இறத்தலே மேல் என்று எண்ணி அம்மூவரும் திரும்பிச் சென்றனர். பொழுது விடிந்தது. மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்ற செய்தி வந்தது. அந்நாளைய வழக்கத்தின் கொடுமையை இதனினும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி அரிது.

ஐடாவின் எண்ணம் மாறியது. மீண்டும் அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்றார். கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் பெண்கள் இடம்பெற்ற முதல் வகுப்பில் ஒருவராக 1899இல் பட்டம் பெற்றார். நியூயார்க்கு நகரத்துச் செல்வர் ஷெல் என்பார் தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் நல்கினார். 1900இல் வேலூர் வந்த அம்மையார் ஒரே கட்டிலுடன் பணியைத் தொடங்கினார். 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது.

ஆயினும் காலராவும் அம்மையும் பிளேக்கும் ஊர்தோறும் உலவிய காலம் அது. ஒருவர் எத்தனை ஊர்களுக்கு ஓட இயலும்? தாம் ஒருவரே பல்லாயிரவர்க்கு மருந்து கொடுப்பதினும், பலரைப் பயிற்றி அனுப்புதலே அறிவுடைமை என அவர் கண்டார். 1909ஆம் ஆண்டில் டெலியா ஹௌட்டன் என்னும் செவிலியரின் துணையுடன் செவிலியர் பயிற்சிப் பள்ளியை வேலூரில் நிறுவினார்.

செவிலி என்பது நம் மொழியில் பழைய சொல். அகப்பாடல்களில் தலைவியை வளர்த்த தாய்க்கே அப்பெயர் வழங்கும். பெயர் இத்துணை உயர்ந்ததாயினும், தொழிலை மக்கள் உயர்வாக மதிக்கவில்லை. பிறர் குருதியையும் கழிவையும் தொடுவது இழிவு எனக் கருதித் தம் மகளிரை அனுப்பத் தயங்கினர். வந்த பெண்கள் கற்றவையோ உயிர்காப்பவை. கையைத் தூய்மை செய்தல், கருவிகளைக் கொதிநீரில் இடுதல், புண்ணைக் கழுவிக் கட்டுதல், தொற்றுநோயாளரைத் தனியே வைத்தல், காய்ச்சலை அளந்து குறித்தல் ஆகியவை எளியனபோலத் தோன்றும். கூட்டம் கதறும் வேளையிலும் கை நடுங்காமல், ஒன்றையும் மறவாமல் இவற்றைச் செய்வதற்குத்தான் ஆண்டுக்கணக்கில் பழக்கம் வேண்டும். இன்றைய செவிலியர் பாடத்திட்டத்தில் பேரிடர்க்காலப் பணியும் ஒரு பகுதியாகும். அடிபட்ட பலருள் யாரை முதலில் கவனிப்பது என்பதனை அவர்கள் முன்கூட்டியே கற்கின்றனர்.

அம்மையார் நகரத்தோடு நின்றாரல்லர். குடியாத்தம் செல்லும் சாலையில் வண்டியை மரநிழல்தோறும் நிறுத்தி, காத்திருந்த சிற்றூர் மக்களுக்கு மருந்தளித்தார். மாட்டுவண்டியில் தொடங்கிய அப்பணி பின்னர் மோட்டார் வண்டியில் நடந்தது.

1918இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியும் திறந்தார். மூவர்கூடச் சேரமாட்டார் என்று சிலர் ஐயுற்றனர். நூற்றுக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். அவ்வாண்டில்தான் இன்புளூயன்சாக் காய்ச்சல் இந்தியாவெங்கும் பரவி ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. பயின்ற கைகள் எத்துணைக் குறைவு என்பதை நாடு அப்போது கண்டது. முதல் வகுப்பு மாணவியர் 14 பேரும் 1922இல் தேர்வு எழுதி, ஒருவர்கூடத் தவறாமல் வெற்றி பெற்றனர்.

வேலூர்ச் செவிலியர் பள்ளி 1946இல் கல்லூரியாக உயர்ந்தது. இந்தியாவில் செவிலியர்க்குப் பட்டப்படிப்பை முதன்முதல் தொடங்கிய இரு கல்லூரிகளுள் அதுவும் ஒன்று. மற்றொன்று தில்லியில் உள்ளது. அவ்வாண்டிலேயே அம்மையார் ஓய்வு பெற்றார். கொடைக்கானலில் வாழ்ந்து, 1960ஆம் ஆண்டு மே மாதம் தம் 89ஆம் வயதில் இயற்கை எய்தினார்.